கதவுக்கு வெளியே நின்று கேட்டவர்

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துப் பேசுவது வழக்கம். எங்களில் ஓவியம் படித்தவர் யாரும் இல்லை. பி.ஏ. வரலாறு, சட்டக் கல்லூரி, பாலிடெக்னிக் என்று பல இடங்களிலிருந்து வருகிற தம்பி தங்கைகள், அவர்களுக்கு நடுவே சமூகப் பணி செய்யும் நாங்கள் சிலர், அவ்வளவுதான். போன மாதம் ஒட்டிய படம் ஜெராக்ஸ் கடையில் கலரில் பெரிதாக எடுத்தது. பெயரைச் சொல்லாமல், வரைந்தவர் யார் என்றும் சொல்லாமல், "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டோம்.

ஒரு மரக்கொட்டகை. அதன் பெரிய கதவு திறந்திருக்கிறது. உள்ளே மூன்று வெள்ளையர்கள். இளைஞன் ஒருவன் உட்கார்ந்து ஃபிடில் வாசிக்கிறான், மற்ற இருவரும் கேட்கிறார்கள். (ஃபிடில் என்பது வேறொன்றுமில்லை, வயலின்தான். கச்சேரி மேடையில் வயலின், கிராமத்து ஆட்டத்தில் ஃபிடில்.) திறந்த கதவுக்கு இந்தப் பக்கம், அதாவது வெளியே, ஒரு கறுப்பின மனிதர் பலகையில் தோளைச் சாய்த்து நிற்கிறார். தொப்பி கையில் இருக்கிறது. காலருகே ஒரு ஜாடி, ஒரு கோடரி. வேலைக்கு நடுவே நின்றுவிட்டார் என்று புரிகிறது. தலை லேசாகக் கவிழ்ந்திருக்கிறது, முகம் முழுக்க இசை. படத்திலேயே மிக நன்றாகக் கேட்பவர் அவர்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அவர் அங்கே நிற்பது தெரியவில்லை.

முதலில் பேசிய தங்கை, "இசைக்கு நிறம் கிடையாது என்று சொல்கிற படம்" என்றாள். பலரும் தலையாட்டினார்கள். இசை மனிதர்களை ஒன்றாக்குகிறது, நால்வருக்கும் ஒரே உணர்ச்சி, ஒரு நட்பு தெரிகிறது என்றெல்லாம் பேச்சு போனது. பின்வரிசையில் இருந்த சட்டக் கல்லூரித் தம்பி மட்டும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அண்ணா, கதவு தொறந்துதான இருக்கு. உள்ள வராதேன்னு யாரும் சொல்லல. வான்னும் யாரும் கூப்பிடல. அவருக்கே தெரிஞ்சிருக்கு எங்க நிக்கணும்னு." அதற்குப் பிறகு அறையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்து வளர்ந்த பிள்ளைகள்தானே எல்லோரும்.

அந்தத் தம்பி சொன்ன ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

படத்தின் பெயர் 'இசையின் ஆற்றல்'. வரைந்தவர் வில்லியம் சிட்னி மவுண்ட், 1807-இல் பிறந்து 1868-இல் இறந்த வெள்ளை அமெரிக்கர். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள செட்டாக்கெட் அவர் பிறந்த ஊர். அமெரிக்காவின் அன்றாட கிராம வாழ்க்கையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பெயர் வாங்கிய முதல் தலைமுறைக்காரர்களில் ஒருவர். இந்தப் படத்தை 1847-இல் வரைந்தார். நியூயார்க் நகரத்தின் முன்னாள் மேயர் கிடியன் லீயின் மனைவி கேட்டு வரையப்பட்டது. இப்போது கிளீவ்லேண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவ்வளவு பேச வைக்கிற படம் உண்மையில் ஒன்றரை அடி உயரம்கூட இல்லை.

மவுண்ட் நல்ல ஃபிடில் வாசிப்பாளர். சும்மா பொழுதுபோக்குக்கு வாசித்தவர் அல்ல. புதுமாதிரி வயலின் ஒன்றை அவரே வடிவமைத்து 1852-இல் காப்புரிமையும் வாங்கியிருக்கிறார். அப்படியானால் அவர் காதில் அந்த இசையை முதலில் போட்டவர்களில் யார் யார் இருந்தார்கள்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் நாங்கள் திகைத்துப்போனோம்.

செட்டாக்கெட்டில் அந்தோணி ஹானிபல் கிளாப் என்று ஒரு கறுப்பின ஃபிடில் கலைஞர் வாழ்ந்தார். 1749-இல் கனெக்டிகட்டில் பிறந்தவர், 1779-இல் இந்த ஊருக்கு வந்தவர், 1816-இல் இறந்தவர். அவருடைய கல்லறைக் கல்லில் ஒரு வயலின் செதுக்கப்பட்டிருக்கிறது. சிறுவனாக இருந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாசிப்பதைக் கேட்டதை மவுண்ட் பல பத்தாண்டுகள் கழித்தும் கடிதத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கிளாப் இறந்தபோது மவுண்டுக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. ஆக, ஒரு வெள்ளைக் குழந்தை ஒரு கறுப்பின முதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஃபிடில் கேட்டிருக்கிறது. குழந்தை வளர்ந்து ஓவியனானதும் வரைந்த படத்தில் ஃபிடில் வெள்ளையனின் கையில் இருக்கிறது. கறுப்பினத்தவர் வெளியே நின்று கேட்கிறார். வாசித்துக் காட்டியவரும் கேட்டவரும் இடம் மாறிவிட்டார்கள்.

மவுண்ட் இதைத் திட்டமிட்டு, கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கொட்டகையில் அன்றைக்கு அப்படித்தான் நடந்தும் இருக்கலாம். ஆனால் எந்தக் காட்சி படமாகிறது, எது கடிதத்தில் ஒரு நினைவாக மட்டும் தங்கிவிடுகிறது என்பதும் வரலாறுதான்.

கல்லறைக் கல்லைப் பற்றி இன்னொன்று. அதில் பொறித்திருக்கும் வாசகம் அவரைப் பாராட்டுகிறது. இகழப்பட்ட இனத்தில் பிறந்தும் மதிக்கத்தக்கவராக இருந்தாராம். படைத்தவன் தனக்கு ஒதுக்கிய வேடத்தை வாழ்க்கை நாடகத்தில் உண்மையாக நடித்தாராம். நமக்கு இந்தப் பாராட்டு புதிதா என்ன? அவரவர்க்கு விதித்த தொழிலை அவரவர் குறையில்லாமல் செய்வதே பெருமை என்று நமக்கும் எத்தனை பேர் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். புகழ்ந்துகொண்டே இடத்தைக் குறித்துவிடுகிற மொழி கடலுக்கு அந்தப் பக்கமும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

அடிமை முறை என்றால் தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுதான் நம் நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கும் அடிமை மாநிலமாகத்தான் இருந்தது. 1799-இல் ஒரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 4-க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை விடுதலை பெற்றதாகக் கருதப்படும். ஆனால் ஆணாக இருந்தால் 28 வயது வரை, பெண்ணாக இருந்தால் 25 வயது வரை தாயின் எசமானனுக்கே உழைக்க வேண்டும்! விடுதலை கொடுத்த கையோடு இளமையைப் பிடுங்கிக்கொண்ட சட்டம் அது. 1817-இல் வந்த இன்னொரு சட்டம்தான் 1827 ஜூலை 4 என்று இறுதி நாள் குறித்தது. மவுண்டுக்கு அப்போது 19 வயது. அதாவது அவர் அடிமைகள் இருந்த மாநிலத்தில் வளர்ந்தவர்.

விடுதலைக்குப் பிறகு? 1821-இல் எழுதிய அரசமைப்பில் வெள்ளை ஆண்களுக்கு வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியைக் கிட்டத்தட்ட முழுவதும் தளர்த்திவிட்டார்கள். கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் மதிப்புள்ள நிலம் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். நேற்றுவரை கூலியே வாங்காதவன் நிலத்துக்கு எங்கே போவான்? அந்த நிபந்தனையை நீக்கலாமா என்று 1846-இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். நீக்கலாம் என்றவர்கள் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை.

1846-இல் இந்த வாக்கெடுப்பு. 1847-இல் இந்த ஓவியம். அந்த ஆண்டு நியூயார்க்கின் தேசிய ஓவியக் கழகக் கண்காட்சியில் இதைப் பார்த்து மகிழ்ந்த கனவான்களில், முந்தைய ஆண்டு 'வேண்டாம்' என்று வாக்களித்தவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். வெளியே நிற்கிற அந்த மனிதரின் முகத்தில் உள்ள இசையை அவர்களால் ரசிக்க முடிந்தது. அவர் உள்ளே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வதைத்தான் கற்பனை செய்ய முடியவில்லை. உணர்ச்சியில் சமம், உரிமையில் இல்லை.

மவுண்டின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாசிப்பு நேர்மையாக இருக்காது. 1843-இல் நியூயார்க் மேடையில் நான்கு வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, ஃபிடிலும் பான்ஜோவும் வாசித்து, கறுப்பின மக்களைக் கோமாளிகளாக நடித்துக் காட்டினார்கள். 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்ற அந்தக் குழுவின் வெற்றிக்குப் பிறகு இது நாடு முழுக்கப் பரவிய பெரிய கேளிக்கைத் தொழில் ஆனது. மவுண்டின் தாய்மாமன் மைக்கா ஹாக்கின்ஸ், இந்த வகையின் மிகப் பழைய பாட்டுகளில் ஒன்றை 1815 வாக்கிலேயே எழுதியவர். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து, அப்படிப்பட்ட காலத்தில் வந்த மவுண்ட், கதவோரம் நிற்கும் மனிதரைக் கோமாளி ஆக்கவில்லை. பிதுங்கிய விழி, தடித்த உதடு, இளிப்பு எதுவும் இல்லை. அவருக்கு மாதிரியாக நின்றவரின் பெயரும் நமக்குக் கிடைக்கிறது. ராபின் மில்ஸ், அந்த வட்டாரத்துக்காரர். படத்தில் தெரிவது ஒரு வகைமாதிரி அல்ல, ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகம்.

ஆனாலும் மவுண்ட் அடிமை ஒழிப்பை எதிர்த்த அரசியலில்தான் கடைசிவரை இருந்தார். நல்ல கை, கெட்ட வாக்கு. இந்த முரணை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்க்கலாமா என்ற பழைய கேள்விக்குள் போக எங்களுக்கு விருப்பமில்லை. ஒருவரைக் கூர்ந்து பார்க்கவும், மனம் கசிந்து வரையவும் முடிந்த ஒருவரால் அவருக்கு வாக்குரிமை வேண்டாம் என்ற பக்கத்திலும் நிற்க முடிகிறது. பரிவும் சமத்துவமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அவருடைய மற்ற படங்களையும் தேடிப் பார்த்தோம். 1830-இல் வரைந்த ஒரு படத்தில் கறுப்பின ஃபிடில்காரர் வாசிக்க, வெள்ளையர்கள் ஆடுகிறார்கள். 1845-இல் வரைந்த 'வைக்கோல் அறுப்பவர்களின் ஆட்டம்' படத்தில் கொட்டகைக்குள்ளே ஆட்டம் நடக்க, வெளியே ஒரு கறுப்பினச் சிறுவன் குச்சிகளால் பலகையில் தாளம் தட்டுகிறான். 1850 முதல் ஐரோப்பியச் சந்தைக்கு அச்சுப் படங்களாக விற்பதற்காகக் கறுப்பின ஃபிடில் கலைஞரையும், பான்ஜோ கலைஞரையும் தனித்தனியாக, நல்ல உடையில், அழகாக வரைந்தார். ஆக, ஒன்று வேலைக்காரராக உள்ளே, அல்லது வெளியே, அல்லது தன்னந்தனியாக. சமமாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாக வாசிப்பதை நாங்கள் பார்த்தவற்றில் காணவில்லை.

அந்தத் தாளம் தட்டும் சிறுவனைப் பற்றி ஒரு சொல். 1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, முரசு அறைந்துகொண்டு ஆள் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கத் தடைச் சட்டம் வந்தது. பறையைப் பற்றி நாம் பேசுகிற எல்லாவற்றையும் இந்த ஒரு சட்டத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். தோல் கருவியின் சத்தத்துக்கு ஆதிக்கம் எதற்காகப் பயப்படும் என்பது புரியும்.

1847-ஐ இன்னும் கொஞ்சம் தோண்டினால் இரண்டு பேர் வருகிறார்கள். இருவருமே ஃபிடில் வாசிப்பவர்கள்.

முதலாமவர் சாலமன் நார்த்தப். நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர். கிட்டத்தட்ட மவுண்டின் வயது. மனைவி, பிள்ளைகளோடு சரட்டோகாவில் வாழ்ந்தார். ஊரில் அவருக்கு ஃபிடில்காரர் என்று பெயர். 1841-இல் இரண்டு வெள்ளையர்கள் வந்து, சர்க்கஸில் ஃபிடில் வாசிக்க வந்தால் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி வாஷிங்டனுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே மயக்கிக் கடத்தப்பட்டு, தெற்கே லூசியானாவில் அடிமையாக விற்கப்பட்டார். மவுண்ட் இந்தப் படத்தைத் தீட்டியபோது நார்த்தப் அங்கே எட்வின் எப்ஸ் என்பவனின் தோட்டத்தில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் வேலை வாங்கிவிட்டு, ராத்திரியில் அவரை ஃபிடில் வாசிக்கச் சொல்லி, அதற்கு மற்ற அடிமைகளைச் சாட்டையைக் காட்டி ஆட வைப்பான் எசமானன். அதே ஃபிடில்தான் தனிமையில் தனக்குத் துணை என்றும் நார்த்தப் எழுதுகிறார். 1853-இல் மீண்டு வந்து, அதே ஆண்டு தன் கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 'பன்னிரண்டு ஆண்டுகள் அடிமை' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். ஃபிடிலைப் பிடித்த கை கறுப்பாக இருந்தால் அதே இசை ஆளைப் பிடிக்கும் தூண்டிலாகவும் ஆகும்.

இரண்டாமவர் பிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து தப்பித்து வந்து, 1847 டிசம்பரில் இதே நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரிலிருந்து 'வடமீன்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். அவரும் வயலின் வாசிப்பார். பேரன் ஜோசப் டக்ளஸ் பின்னாளில் மேடைகளில் புகழ்பெற்ற வயலின் கலைஞரானார். அடிமைகள் பாடுவதைக் கேட்டுவிட்டு 'மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்' என்று நினைப்பதைவிடப் பெரிய தவறு இல்லை என்று 1845-லேயே தன்வரலாற்றில் எழுதினார். 1849-இல் இன்னொன்றும் சொன்னார்: வெள்ளை ஓவியர்கள் கையால் கறுப்பின மக்களுக்கு நடுநிலையான உருவப்படம் கிடைக்காது. ஓவியன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், தலைக்குள் ஏற்கனவே இருக்கும் உருவம் கையைத் தள்ளிவிடும் என்பது அவர் கருத்து.

அப்படியானால் அந்தப் படத்தை யார் வரைவது? டக்ளஸ் எழுதி 44 ஆண்டுகள் கழித்து ஒரு பதில் வந்தது.

ஹென்றி ஒசாவா டானர். 1859-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். அம்மா அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர், அப்பா கறுப்பினத் திருச்சபையின் ஆயர். பென்சில்வேனியா ஓவியக் கல்லூரியில் வெள்ளை மாணவர்களுக்கு நடுவே படித்தார். ஒரு ராத்திரி சக மாணவர்கள் அவரை அவருடைய சித்திரச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி நடுத்தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள். அதைச் செய்த கூட்டத்தில் இருந்தவரே பிற்காலத்தில் தன் நினைவுக்குறிப்பில், கொஞ்சமும் கூச்சமில்லாமல், எழுதியிருக்கிறார். நம் விடுதிகளிலும் கல்லூரிகளிலும் நடப்பவை உங்களுக்குத் தெரியும், அதனால் மேலே சொல்ல வேண்டியதில்லை. டானர் 1891-இல் பாரிஸுக்குப் போனார். உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பியிருந்த நாட்களில், 1893-இல், 'பான்ஜோ பாடம்' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தை வரைந்தார்.

இந்த இரண்டாவது படத்தையும் அன்று முதல் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினோம். ஓர் எளிய வீட்டின் உள்ளே ஒரு முதியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முழங்கால்களுக்கு நடுவே ஒரு சிறுவன். அவனைவிடப் பெரிதாகத் தெரிகிற பான்ஜோ அவன் கையில். தாத்தா அதன் கழுத்தை மட்டும் தாங்கிக்கொள்கிறார், தந்தியில் விரல் வைப்பது பையன்தான். தரையில் பாத்திரங்கள். ஒரு பக்கம் சன்னல் வெளிச்சம், இன்னொரு பக்கம் அடுப்பின் செவ்வொளி. இருவரும் நம்மைப் பார்க்கவில்லை. நமக்காக இளிக்கவும் இல்லை, ஆடவும் இல்லை. கரி பூசிய கோமாளிகள் ஐம்பது ஆண்டுகளாக மேடையில் அடித்துக் கெடுத்து வைத்த கருவி அந்த பான்ஜோ. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டவர்கள் தங்கள் நினைவிலிருந்து உருவாக்கிக்கொண்ட கருவி. அதை டானர் அதன் சொந்த வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குக் கொடுக்கிற கல்வியாகக் காட்டுகிறார். மவுண்டின் கடிதத்தில் மட்டும் இருந்த காட்சி, முதியவர் பக்கத்தில் குழந்தை, இங்கே படமாகிவிட்டது. குழந்தை மட்டும் வேறு. அந்தப் படம் இன்று வர்ஜீனியாவில், விடுதலையான கறுப்பின மக்களின் கல்விக்காக 1868-இல் தொடங்கிய ஹாம்ப்டன் கல்வி நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"இதுல எங்கண்ணா நட்பு? தாத்தாவும் பேரனும்தானே" என்று ஒரு தம்பி கேட்டான். முதல் படத்துக்கு நட்பு என்ற சொல்லைத் தாராளமாகக் கொடுத்தவனும் அவன்தான்! ஒரே கருவியை இரண்டு கைகள் தாங்கிக்கொண்டிருப்பதற்கு வேறு பெயர் இருந்தால் சொல்லு என்றோம்.

நிறவெறியும் சாதியும் ஒன்றேதான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டையும் புரிந்துகொள்ளாமல் போக வழிசெய்யும். ஆனால் அந்தக் கதவைப் பார்த்ததும் நமக்குப் புரிந்தது தற்செயல் அல்ல. ஜோதிராவ் புலே 1873-இல் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்தது அதே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். 1946-இல் அவர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. அவைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். கதவுக்கு வெளியே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது இப்படித்தான். உள்ளே இருப்பவரின் இசையைக் கேட்டு அல்ல, மனுவின் நகலைக் கேட்டு.

அன்று கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, முதலில் பேசிய தங்கை மீண்டும் முதல் படத்துக்குக் கிட்டே போய் நின்றாள். "அந்தக் கோடரி அவர் பக்கத்துலதான் இருக்கு" என்றாள். வேலைக்கு வைத்திருக்கும் கோடரி என்றோம். "தெரியும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு நார்த்தப்பின் புத்தகத்திலிருந்து ஃபிடில் வருகிற பகுதிகளை மட்டும் தமிழில் வாசிக்க இருக்கிறோம். இரண்டு படங்களும் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன. வருகிறவர்கள் கொஞ்சம் முன்னதாக வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.